லேபிள் அவர்களுடையது, மெட்டு நம்முடையது! தெரியுமா?

திருப்பூர் மாவட்டத்துக்கும் ஏ.ஆர்.ரஹ்மானின் ஆஸ்கருக்கும் ஒரே தேதி. தெரியுமா உங்களுக்கு?

2009 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. கோவை மாவட்டத்திலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை; ஈரோடு மாவட்டத்திலிருந்து தாராபுரம், காங்கேயம் என்று பிரித்தெடுத்துச் சேர்த்து, திருப்பூர் தனி மாவட்டமானது அன்றைக்குத்தான். அதே ஞாயிறு மாலை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 81-ஆவது ஆஸ்கர் விழா. அங்கே மாலை என்றால் இங்கே திங்கட்கிழமை காலை. பனியன் கம்பெனிகளில் முதல் ஷிப்ட்டுக்கு ஆள் வந்து பவர் டேபிளில் உட்காருகிற நேரத்தில், அன்று இரண்டு ஆஸ்கர்களை வென்ற கோடம்பாக்கத்துக்காரர் ஒருவர், உலகமே பார்க்கும் மேடையில் தமிழில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். ஒன்று 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் பின்னணி இசைக்கு. இன்னொன்று அதே படத்தின் 'ஜெய் ஹோ' பாட்டுக்கு.

'ஸ்லம்டாக் மில்லியனர்' வினாடி வினாப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! சிறுவயதில் பிரிந்த பெண்ணைத் தேடித் தேடி அலைகிற ஒருவனின் காதல் கதை அது. கோடி ரூபாய்ப் போட்டியில் அவன் கலந்துகொள்வதே, அவள் எங்கேயாவது தொலைக்காட்சியில் தன்னைப் பார்ப்பாள் என்ற நப்பாசையில்தான். கடைசியில் இரண்டு பேரும் ரயில் நிலையத்தில் சேரும்போது வெடித்துக் கிளம்புகிற பாட்டுதான் 'ஜெய் ஹோ'.

அந்தப் பாட்டு முதலில் வேறொரு படத்துக்குப் போட்டது, தெரியுமா? சுபாஷ் கய் இயக்கிய 'யுவராஜ்' என்ற இந்திப் படம். "நம் காட்சிக்குச் சரிப்படாது" என்று அவர் விட்டுவிட்டார். பையர் வேண்டாமென்று தள்ளிய சரக்கு, அடுத்த பையரிடம் போய் ஆஸ்கர் வாங்கியது! காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எக்ஸ்போர்ட்டில் திரும்பி வந்த பீஸ் எத்தனை பேருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். ஆஸ்கர் முடிந்த சூட்டோடு 'புஸிகேட் டால்ஸ்' என்ற அமெரிக்கப் பெண்கள் குழு அதே மெட்டுக்கு ஆங்கில வரிகள் போட்டுப் பாடி வெளியிட்டது. அவ்வளவுதான்! ஆஸ்திரேலியாவில் நம்பர் 1. பிரிட்டனில் நம்பர் 3. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 15. சென்னையில் பிறந்த ஒருவரின் மெட்டு அமெரிக்காவின் கார் ரேடியோக்களில் ஓடியது.

சரி, உலகம் முழுக்க வாங்கியது யாருடைய பாட்டை? சுக்விந்தர் சிங் தொண்டை கிழியப் பாடினாரே, அதையா? குல்சார் எழுதினாரே, அந்த வரிகளையா? இல்லை. மெட்டு நம்முடையது, குரலும் வரியும் அவர்களுடையது. ரஹ்மான் பெயரை அட்டையில் போட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் திருப்பூர்க்காரருக்கு இது புதுக் கதையா என்ன? நூல் நம்முடையது, நிட்டிங் நம்முடையது, சாயம் நம்முடையது, தையல் நம்முடையது. கழுத்துப்பட்டியில் ஒட்டுகிற மெயின் லேபிள் மட்டும் பையருடையது. அந்த லேபிள்தான் கடையில் விலையைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், காதல் படப் பாடல்கள் உலகத் தரவரிசைகளில் ஏறிய கதை ஒவ்வொன்றிலும் லேபிள் யாருடையது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் 'ஜெய் ஹோ'வைப் பற்றி மூன்று துணுக்குகள். ஒன்று: அந்தப் பாட்டின் நடுவே ஸ்பானிய மொழி வரிகள் வருமே, அவற்றை எழுதிப் பாடியவர் தன்வி ஷா, சென்னைப் பாடகி. 2010-இல் ரஹ்மான், குல்சாரோடு சேர்ந்து கிராமி விருதையும் வாங்கினார். இரண்டு: அந்த 'ஜெய் ஹோ' முழக்கத்தில் கேட்கிற குரல்களில் ஒன்று விஜய் பிரகாஷுடையது. ஆஸ்கருக்கு அடுத்த வருடமே 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தில் 'ஹோசானா' பாடிக் கல்லூரிப் பிள்ளைகளைக் கிறங்கடித்தாரே, அவரேதான்! மூன்று: 2009 நாடாளுமன்றத் தேர்தலுக்குக் காங்கிரஸ் கட்சி இந்தப் பாட்டின் உரிமையை வாங்கிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது. காதலர்கள் சேர்வதற்குப் போட்ட பாட்டு ஓட்டுச் சேர்க்கவும் போனது.

அதே படத்தில் ரஹ்மானோடு 'ஓ... சாயா' பாட்டுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற இன்னொருவரும் தமிழர்தான், தெரியுமா? எம்.ஐ.ஏ. என்று உலகம் அழைக்கிற மாதங்கி அருள்பிரகாசம், இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டும் 'ஸ்லம்டாக்' படத்தில் உண்டு. அது 2008-இலேயே அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியிருந்தது. 2009 பிப்ரவரியில் நடந்த கிராமி மேடையில் அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக, அதுவும் பிரசவத்துக்கு மருத்துவர்கள் குறித்திருந்த அதே நாளில், ஆடிப் பாடினார்! மூன்றாவது நாள் ஆண் குழந்தை. அவருடைய லேபிள் அவருடையதேதான்.

இனி வரப்போவதைக் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள்.

1994-இல் வந்த 'காதலன்' படத்து 'ஊர்வசி' பாட்டு பிரிட்டனில் நம்பர் 1 ஆனது. ஆமாம், இருபது வருடம் கழித்து! அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம், கோடி வைஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து 2014-இல் 'இட்ஸ் மை பர்த்டே' என்ற பாட்டை வெளியிட்டார். அதன் முதுகெலும்பாக ஓடுவது 'ஊர்வசி' மெட்டு. அந்த ஜூலையில் அது பிரிட்டிஷ் தரவரிசையின் உச்சியில் உட்கார்ந்தது. பாட்டை ஆக்கியவர்கள் பட்டியலில் ரஹ்மான் பெயரும் உண்டு. லண்டனில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டு அதற்கு ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, பேருந்துக் கூரைமேலும் சாலையிலும் தொளதொளப் பேண்ட் போட்டுக்கொண்டு எலும்பில்லாதவர்போல் ஆடிய பிரபுதேவாவைத் தெரியும்?

என்னைக் கேட்டால், தமிழ்த் திரைப்பாட்டு வரலாற்றில் கொண்டாடப்படாமலே போன மிகப் பெரிய வெற்றி இதுதான். பிரிட்டனில் நம்பர் 1 என்பது சாதாரண விஷயமா? 'ஜெய் ஹோ'வே அங்கே மூன்றில் நின்றுவிட்டது. ஆனால் அன்றைக்கு நம் ஊரில் யாரும் வெடி வெடிக்கவில்லை. காரணம் அதேதான். மெயின் லேபிளில் வில்.ஐ.ஆம் பெயர் இருந்தது. ரஹ்மான் பெயர், பனியனின் உள் தையலில் ஒளிந்திருக்கும் வாஷ்கேர் லேபிள்போல, பொடி எழுத்தில் கிடந்தது.

'காதலன்' படத்தைத் தாண்டிப் போகவே மனசு வரவில்லை. ஷங்கர் இயக்கிய இரண்டாவது படம் அது. கே.டி.குஞ்சுமோன் தயாரிப்பு, வைரமுத்துவும் ரஹ்மானும் சேர்ந்த பாட்டுகள். தேசிய விருது மட்டும் நான்கு! பாடகர், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, சிறப்புக் காட்சிகள் என்று வரிசையாக. பாடகருக்கான விருது உன்னிகிருஷ்ணனுக்கு. சினிமாவில் அவர் பாட வந்த முதல் வருடமே! இதே படத்தில் 'முக்காலா முக்காபுலா' பாடிய ஸ்வர்ணலதாவின் குரல் இன்னொரு உலகப் பட்டியலுக்கும் போனது. அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

1994 பற்றிப் பேசும்போது ஒரு வெளிநாட்டுச் செய்தி. 'காதலன்' நம் ஊர்களில் ஓடிய அதே வருடம், 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' என்ற பிரிட்டிஷ் காதல் படத்தின் பாட்டு அங்கே தொடர்ந்து 15 வாரங்கள் நம்பர் 1-இல் நின்றது. வெட் வெட் வெட் என்ற குழு பாடிய 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்'. கேட்டுக் கேட்டு மக்களுக்குச் சலித்துப்போய், கடைசியில் அந்தக் குழுவே "போதும், இனி இந்த ரெக்கார்டு வேண்டாம்" என்று விற்பனையை நிறுத்தச் சொன்னது! ஆனால் அந்தப் பாட்டு அவர்களுடையதே அல்ல. 1967-இல் ட்ராக்ஸ் என்ற குழுவின் ரெஜ் ப்ரெஸ்லி எழுதியது. 1994-இல் உரிமைத்தொகை மழையாகக் கொட்டியதும் அவர் என்ன செய்தார், தெரியுமா? கோதுமை வயல்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தோன்றுகிற வட்டங்களை வரைவது வேற்றுக் கிரகவாசிகளா என்று ஆராயக் கிளம்பிவிட்டார். பணம் வந்தால் மனிதனுக்கு எதுவும் தோன்றும்.

டாலி பார்ட்டனின் கதை இதைவிட அருமை. 'தி பாடிகார்ட்' காதல் படத்துக்காக 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடிய பாட்டு அமெரிக்காவில் 14 வாரம் நம்பர் 1. அதை எழுதியவர் நாட்டுப்புறப் பாடகி டாலி பார்ட்டன், எழுதியது எழுபதுகளின் தொடக்கத்தில். நடுவே எல்விஸ் பிரெஸ்லியே அதைப் பாட ஆசைப்பட்டார். எல்விஸ்! ஆனால் அவருடைய மேனேஜர் பாட்டின் உரிமையில் பாதியைக் கேட்டார். டாலி ராத்திரியெல்லாம் அழுதார், காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு 'முடியாது', விட்னி பாடியபோது டாலிக்குக் கோடிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. லேபிளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, டிசைனை மட்டும் விற்றுவிடாதே என்று நம் ஊர் மெர்ச்சண்டைசர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இந்த ஒரு கதை போதும்.

'டைட்டானிக்' பாட்டும் ஒரு திருட்டுத்தனமான வேலைதான். படத்தில் பாட்டே வேண்டாம் என்று ஜேம்ஸ் கேமரூன் பிடிவாதமாக இருந்தார். இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர், இயக்குநருக்குத் தெரியாமல் செலின் டியோனைப் பாட வைத்துப் பதிவு செய்துவிட்டு, கேமரூன் நல்ல மனநிலையில் இருக்கிற நாளுக்காகக் காத்திருந்தார். செலினுக்கும் முதலில் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. கணவர் வற்புறுத்தித்தான் பாடினார். அன்றைக்குச் சாம்பிளாகப் பாடிய அந்த ஒரே டேக்தான் இன்றுவரை உலகம் கேட்கிற குரல். 1998 பிப்ரவரியில் பில்போர்டு பட்டியலில் நுழைந்த வாரமே நம்பர் 1! சாம்பிளே ஃபைனல் பீஸ் ஆகிவிட்ட அதிசயம். திருப்பூரில் இப்படி ஒருமுறையாவது நடந்தால் கோயிலுக்குப் பொங்கல் வைத்துவிடுவார்கள்.

இந்த 'நம்பர் 1' என்பதை முதலில் யார் எண்ணினார்கள்? 1952 நவம்பர் 14. லண்டனில் ஒரு இசைப் பத்திரிகை, ஏறக்குறைய இருபது ரெக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டு "இந்த வாரம் எது அதிகம் விற்றது?" என்று கேட்டு ஒரு பட்டியல் அச்சிட்டது. பிரிட்டிஷ் தரவரிசை பிறந்தது அப்படித்தான், இருபது போன் காலில்! அதற்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1952 டிசம்பர் 3 அன்று, இலங்கை வானொலியில் அமீன் சயானியின் குரலில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அந்தச் சமயம் மத்திய அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்திருந்தார். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கொழும்பு அலைவரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் வாரமே 9,000 கடிதங்கள். இரண்டு வருடத்தில் அது முழுத் தரவரிசை நிகழ்ச்சியானது. ஒரு பற்பசை விளம்பரத்துக்காக வந்த நிகழ்ச்சி, ஒரு நாட்டின் ரசனையை எண்ணத் தொடங்கியது.

அது இந்திக்கு. தமிழுக்கு? இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கொங்குநாட்டு வீடுகளில் காலையும் மாலையும் ஓடியது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்களே நடிகர்களின் பெயர்களைப்போல வாயில் புழங்கின. விற்பனைக் கணக்கு, பட்டியல் எதுவும் பெரிதாக இல்லாத காலம். கல்யாண வீட்டு மைக் செட்டில் எத்தனை முறை போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் பார்த்தால், 1976 மே 14 அன்று வெளிவந்த 'அன்னக்கிளி'க்கு நிகர் எது? சொல்லாமலே கருகிப்போன ஒரு கிராமத்துக் காதலின் கதை. இளையராஜா என்ற பெயரைத் தமிழ்நாடு முதன்முதலாகக் கேட்டது அந்தப் படத்தில்தான். நாயகன் சிவகுமார், சூலூர்ப் பக்கத்துக்காரர். படப்பிடிப்பு நடந்தது பவானிசாகரைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கிற தெங்குமரஹடாவில். படத்தின் பெயரையே முதல் சொல்லாகக் கொண்ட எஸ்.ஜானகியின் பாட்டு ஊர் ஊராகக் குழாய் ஒலிபெருக்கிகளில் அலறியது. வெளிநாட்டு லேபிள் எதுவும் ஒட்டவில்லை. முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு.

நம் மாவட்டத்துப் பெயர்களையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'தேவதாஸ்' தமிழில் 1953-இல் வந்ததே, தமிழர்களை மொத்தமாக அழவைத்த அந்தக் காதல் படத்துக்குப் பாட்டெழுதியவர்களில் ஒருவர் உடுமலை நாராயணகவி. உடுமலைப் பக்கம் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர். உடுமலையில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது, பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்பார்கள்? சிவகுமாரின் நூறாவது படமான 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'யைத் தயாரித்தவர் பெயரிலேயே ஊர் இருக்கிறது: திருப்பூர் மணி. சில்க் ஸ்மிதாவை அறிமுகப்படுத்திய 'வண்டிச்சக்கரம்' படமும் அவர் தயாரிப்புதான்!

ஸ்வர்ணலதாவை மறக்கவில்லை. 2002-இல் பிபிசி உலக சேவை, "உலகிலேயே உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. 155 நாடுகளிலிருந்து வாக்குகள். முடிவில் 4-ஆம் இடம் யாருக்கு? 'தளபதி' படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய 'ராக்கம்மா'வுக்கு! இளையராஜா இசை, வாலி வரிகள். 5-ஆம் இடம்? அதுவும் தமிழ்தான். திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாட்டு. குயீன் குழுவின் புகழ்பெற்ற 'பொஹீமியன் ராப்ஸடி'யும் ஷெர் பாடிய 'பிலீவ்'வும் இவற்றுக்குக் கீழே! அயர்லாந்துப் பாட்டொன்று முதலிடம் பிடித்தது, அதற்கு மின்னஞ்சலில் ஆள் திரட்டினார்கள் என்ற பேச்சும் உண்டு. தமிழர்களும் உலகெங்குமிருந்து உட்கார்ந்து வாக்குப் போட்டிருப்பார்கள், அதனால் என்ன? ஓட்டுப் போடுவதற்கு ஆள் இருப்பதும் ஒரு பலம்தானே.

அதே பட்டியலில் 9-ஆம் இடத்தில் 'சைய்ய சைய்யா'. 1998-இல் மணிரத்னம் எடுத்த 'தில் சே' காதல் படத்துப் பாட்டு, தமிழில் 'உயிரே'. ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ரயிலின் கூரைமேல் ஆடுவார்களே, அந்த ரயில் எது தெரியுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற நம் நீலகிரி மலை ரயில்! ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு போய் டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வருகிறோமே, அதே ரயில். கிராஃபிக்ஸ் கிடையாது, ஓடுகிற ரயிலின் மேலேயே ஆடினார்கள். பாடியவர் சுக்விந்தர் சிங், பத்து வருடம் கழித்து 'ஜெய் ஹோ' பாடப்போகிறவர். பிறகு அந்தப் பாட்டு லண்டனின் 'பாம்பே ட்ரீம்ஸ்' இசைநாடகத்துக்குப் போனது. 2006-இல் ஸ்பைக் லீயின் 'இன்சைட் மேன்' என்ற ஹாலிவுட் படம், நியூயார்க் நகரத்தைக் காட்டிக்கொண்டே இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. வங்கிக் கொள்ளைப் படத்துக்கும் காதல் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கேட்டால் உடம்பு தானாக ஆடுகிறது, அதுதான் சம்பந்தம்.

லேபிள் மாறிய கதையெல்லாம் போதும். நம் லேபிளிலேயே போன சரக்கைப் பார்ப்போம்.

2011 திருப்பூருக்குக் கறுப்பு வருடம். ஜனவரி 28 அன்று, நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயத்துக்கு வெளியூர் போய் வந்தது, ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. அந்த வருடத்து நவம்பர் 16-இல்தான் '3' என்ற காதல் படத்தின் 'கொலவெறி' யூடியூபில் வந்து இறங்கியது. இசையமைப்பாளர் அனிருத்துக்கு அப்போது 21 வயது, முதல் படம்! இருபது நிமிடத்தில் எழுதினேன் என்று தனுஷ் சொன்னார். அரைகுறைப் பதிவு ஒன்று முன்பே வெளியே கசிந்துவிட்டதால்தான், அவசரமாக ஸ்டூடியோவில் வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். கசிந்த பாட்டு காட்டாறானது. யூடியூப் தங்கப் பதக்கம் கொடுத்தது, இந்தி இசைச் சேனல்கள் தமிழ்ப் பாட்டைப் போட்டன, அகமதாபாத் ஐ.ஐ.எம். அதைப் பாடமாக்கியது. ஜப்பான் பிரதமர் டெல்லி வந்தபோது, மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷுக்கு அழைப்பு! படம் மட்டும் 2012 மார்ச் 30-இல் வந்து, பாட்டின் உயரத்தில் பாதிகூட ஏறவில்லை. பாட்டு படத்தைத் தின்றுவிட்டது என்றே சொல்வேன்.

இங்கே ஒரு தேதிப் பொருத்தம், மயிர்க்கூச்செறியும். 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்டது எப்போது? 2020 நவம்பர் 16. 'கொலவெறி' வெளியான அதே நாள், சரியாக ஒன்பது வருடம் கழித்து! தென்னிந்தியாவிலிருந்து அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பாட்டு அதுதான். யுவன் சங்கர் ராஜா இசை. தனுஷும் தீயும் பாடியது. பில்போர்டு வெளியிட்ட யூடியூப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. தனுஷும் சாய் பல்லவியும் ஆடிய அந்த ஆட்டத்தை அமைத்தவர் யார்? 'ஊர்வசி'க்கு ஆடிய அதே பிரபுதேவா! பிரிட்டனில் நம்பர் 1 ஆன மெட்டுக்கு ஆடிய காலும், 100 கோடிப் பார்வை பெற்ற பாட்டுக்கு ஆட்டம் அமைத்த காலும் ஒன்றே. இந்தத் தடவை லேபிளும் நம்முடையது.

1978-இல் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூர் வந்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்து தொடங்கியது ஏற்றுமதி. இன்றைக்கு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை இங்கிருந்து வெளிநாடு போகிறது, பெரும்பாலும் பையர் லேபிளில்தான். சொந்த பிராண்டில் ஜட்டி, பனியன் விற்று உள்நாட்டில் பெயர் வாங்கிய கம்பெனிகளும் இங்கே உண்டு. இரண்டிலும் காசு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று எந்தக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார். ரஹ்மானின் ஆஸ்திரேலிய நம்பர் 1 ஒரு ரகம். 'ரவுடி பேபி'யின் 100 கோடி வேறொரு ரகம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது, முதலாவதில் வந்த டாலர் அதிகமாகவே இருந்தாலும்!

கடைசியாக ஒன்று. உலகத்தில் அதிகம் பாட்டுப் போடுகிற நாடுகளில் ஒன்றான இந்தியாவில், இசைத்துறை அமைப்பு தன் அதிகாரப்பூர்வத் தரவரிசையை எப்போது தொடங்கியது தெரியுமா? 2021 ஜூனில்தான். அதுவும் எந்தப் பாட்டுக்கு? வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு மட்டும்! தமிழுக்கும் இந்திக்கும் அதில் இடமே இல்லை. இந்தியாவில் கேட்கிற எல்லாப் பாட்டையும் சேர்த்து எண்ணும் 'இந்தியா சாங்ஸ்' பட்டியலை 2022 பிப்ரவரியில் தொடங்கியது யார்? அமெரிக்காவின் பில்போர்டு. நம் பாட்டை எண்ணுவதற்கும் பையர்தான் வரவேண்டியிருந்தது.

இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும், 'இட்ஸ் மை பர்த்டே'யை யூடியூபில் போட்டுக் கேளுங்கள். எத்தனையாவது விநாடியில் 'ஊர்வசி' தலைகாட்டுகிறது என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள். பக்கத்து டேபிள்காரரிடமும் பிரிட்டனில் நம்பர் 1 ஆன அந்த மெட்டு யாருடையது என்று சொல்லிவிடுங்கள்!